ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் வெள்ளை லைட் வானவில் ஆகிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கோத்தகிரி_எடிட்டர் · செவ்வாய், இரவு 10.52

வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. மெஷின் வீட்டின் முன்னறையில் இருக்கிறது. மானிட்டருக்குப் பின்னால் சுவரில் 60 எல்இடி உள்ள 5 வோல்ட் ஸ்ட்ரிப் ஒன்று ஒட்டியிருக்கிறேன். முழு இருட்டில் உட்கார்ந்து கலர் பார்த்தால் கண் ஏமாற்றும் என்பதால் அது எப்போதும் மங்கலான வெள்ளையில்தான் எரியும். ரேம் இரண்டு ஸ்டிக், அதிலும் லைட் உண்டு, அது வேறு கம்பெனி. கேபினட்டில் மூன்று ஃபேன். இவை எல்லாவற்றையும் மதர்போர்டு கம்பெனி கொடுத்த லைட் சாஃப்ட்வேர்தான் ஆட்டி வைக்கிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் இழை அடிதடியில் முடியும், அதனால் சொல்லவில்லை. விண்டோஸ் 11.

தொல்லை மூன்று வகை. ஷட்டவுன் செய்த பிறகும் போர்டும் ஸ்ட்ரிப்பும் ராத்திரி முழுக்க எரிகின்றன. இரண்டாவது, ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் ரேம், ஸ்ட்ரிப், ஃபேன் எல்லாம் வானவில் காட்டுகின்றன, சாஃப்ட்வேரைத் திறந்தால் 'சாதனம் எதுவும் இல்லை' என்கிறது. மூன்றாவதுதான் புரியவே இல்லை. காலையில் பவர் பட்டனை அழுத்தி ஆன் செய்தால் நான் சேமித்த வெள்ளை வருவதில்லை, ஆனால் ரீஸ்டார்ட் கொடுத்தால் அழகாக வருகிறது.

மணப்பெண்ணின் முகத்தில் மஞ்சள் கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் நேரத்தில் பின்சுவர் பச்சையாகி நீலமாகி ஓடினால் எப்படி வேலை பார்ப்பது? இங்கே ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை, ஒரு கிளை விழுந்தால் கரண்ட் போய்விடும். போன மாதம்தான் புது யூபிஎஸ் வாங்கினேன். அடிக்கடி ஸ்லீப்பில் போட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் எனக்கு.

கூடலூர்_மிளகு · செவ்வாய், இரவு 11.05

சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடுங்க ப்ரோ. சரியாகலைன்னா ஃபார்மட். அப்படியே விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியையும், விண்டோஸோட ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் ஆஃப் பண்ணிடுங்க, இந்த மாதிரி சாஃப்ட்வேரை அதுதான் தடுக்குது.

மஞ்சூர்_மழை · செவ்வாய், இரவு 11.31

டிஃபெண்டரில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். லைட், ஃபேன் சாஃப்ட்வேர்கள் பலவும் வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை உள்ளே வைத்திருந்தன. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2020 முதலே பதிவானது. 2025 மார்ச்சிலிருந்து டிஃபெண்டர் அதைப் பிடிக்கத் தொடங்கியது, பிடிப்பதும் நியாயம்தான். லைட் எரிவதற்காக வாசல் கதவைக் கழற்றி வைப்பார்களா?

தம்பி, உங்களுக்கு ரீஸ்டார்ட்டில் வேலை செய்கிறது. டிரைவர் தடுக்கப்பட்டிருந்தால் எப்போதுமே வேலை செய்யாதே. ஆகவே காரணம் அது இல்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், சிபியு கீழே 'அப் டைம்' எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_எடிட்டர் · புதன், காலை 7.14

அக்கா, 11 நாள் சில்லறை காட்டுகிறது! நான் தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்கிறேன், சத்தியமாக.

மஞ்சூர்_மழை · புதன், காலை 7.40

நீங்கள் செய்வது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்தே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்தவற்றை மட்டும் மூடும். விண்டோஸின் உட்கருவான கெர்னலையும் பின்னால் ஓடும் சர்வீஸ்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிடும், மறுநாள் அதை எடுத்து விரிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

லைட் சாஃப்ட்வேரில் நீங்கள் பார்க்கும் ஜன்னல் வேறு, பின்னால் ஓடும் சர்வீஸ் வேறு. சர்வீஸ்தான் போர்டில் உள்ள லைட் சிப்போடு பேசுகிறது. அந்த சிப் பல போர்டுகளில் உள்ளுக்குள்ளேயே ஒரு யூஎஸ்பி சாதனமாகத்தான் தொங்குகிறது. காலையில் ஆன் செய்யும்போது அந்த யூஎஸ்பி சாதனம் புதிதாகப் பதிவாகும். சர்வீஸோ நேற்று ராத்திரி பிடித்த பிடியையே பிடித்துக்கொண்டு நிற்கும். போன வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போடுகிற கதை. ஸ்லீப்பிலும் இதே கூத்துதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டாவது தொல்லையும் மூன்றாவது தொல்லையும் ஒரே வியாதி.

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்' என்ற பக்கம். மேலே சாம்பல் நிறத்தில் இருப்பதைத் திறக்க ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டு ஒரு முறை ஷட்டவுன் செய்யுங்கள்.

வர்க்கி_டீ · புதன், காலை 9.20

குன்னூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கா சொன்னது சரி. முதல் தொல்லைக்கு நான் சொல்கிறேன், அது பயாஸ் விஷயம், அதாவது விண்டோஸுக்கு முன்னாலேயே ஓடுகிற போர்டின் சொந்த செட்டிங்ஸ்.

ஷட்டவுன் செய்தாலும் பவர் சப்ளை முழுதாகத் தூங்குவதில்லை. ஸ்டாண்ட்பை என்று ஒரு 5 வோல்ட் லைன் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை உயிரோடு இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் மெஷின் எழுவதே அதனால்தான். பல போர்டுகள் லைட்டையும் அதிலேயே மாட்டி வைத்திருக்கின்றன. பயாஸில் 'ஸ்லீப், ஹைபர்னேட், சாஃப்ட் ஆஃப் நிலைகளில் எல்இடி' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லாத போர்டானால் ஈஆர்பி என்ற வரியைத் தேடி ஆன் செய்யுங்கள். ஐரோப்பாவில் 2013இலிருந்து அணைத்த மெஷின் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற விதிக்காக வந்தது அது. ஸ்டாண்ட்பையில் தொங்குவதை எல்லாம் வெட்டிவிடும். ஆனால் அணைத்த மெஷினில் யூஎஸ்பி வழியாக போன் சார்ஜ் போடுகிறவர், கீபோர்டைத் தட்டி ஆன் செய்கிறவர் என்றால் அதெல்லாம் நின்றுபோகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. ரேம் கம்பெனியின் லைட் சாஃப்ட்வேரும் போட்டிருக்கிறீர்களா?

கோத்தகிரி_எடிட்டர் · புதன், மதியம் 1.02

பயாஸில் நீங்கள் சொன்ன வரி இருந்தது அண்ணா, ஆஃப் செய்துவிட்டேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் எடுத்துவிட்டேன். ராத்திரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆமாம், ரேம் கம்பெனி சாஃப்ட்வேரும் இருக்கிறது. தப்பா?

வர்க்கி_டீ · புதன், மதியம் 1.30

தப்புதான். இன்றைக்கே எடுங்கள். ரேமில் உள்ள லைட் சிப்போடு பேச எஸ்எம்பஸ் என்ற மெல்லிய லைன் ஒன்றுதான் வழி. ரேமின் வேகம், டைமிங் எல்லாம் எழுதியுள்ள எஸ்பிடி சிப்பும் அதே லைனில்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சாஃப்ட்வேர் ஒரே நேரத்தில் அதில் எழுதப் போனால் லைட் உளறுவது சின்ன விஷயம். எஸ்பிடி கெட்டுப்போய் மெஷினே எழாமல் போன கதைகள் உண்டு. ஒரு மெஷினுக்கு ஒரு லைட் சாஃப்ட்வேர், அவ்வளவுதான்.

மஞ்சூர்_மழை · புதன், மதியம் 1.48

விண்டோஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023இலிருந்து விண்டோஸ் 11இலேயே டைனமிக் லைட்டிங் வந்துவிட்டது. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன் கீழே இருக்கும். ஆன் ஆகியிருந்தால் அதுவும் சண்டைக்கு வரும்.

உதகை_உறைபனி · புதன், மாலை 6.15

நம் ஊர் பனிமூட்டத்தைச் சொல்லவே இல்லையே யாரும். ஈரம் இறங்கி கனெக்டரில் பச்சை பிடித்தால் லைட் இப்படித்தான் ஆடும். எங்கள் வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீரே வழிகிறது.

வர்க்கி_டீ · புதன், மாலை 6.40

கனெக்டர் பிரச்சினை என்றால் தட்டினால் ஆடும், தட்டாதபோது நிற்கும். இவருக்கு ஸ்லீப்புக்குப் பிறகு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வருகிறது. ஓடுகிற மெஷின் அறையை விடச் சூடாகத்தான் இருக்கும், அதன் மேல் ஈரம் படியாது. ஜில்லென்று கிடந்ததை வெந்நீர் கொதிக்கும் அறைக்குள் கொண்டுபோய் உடனே ஆன் செய்தால்தான் ஆபத்து.

உதகை_உறைபனி · புதன், மாலை 6.52

சரி அண்ணா. நான் போன வருஷம் 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை போர்டில் உள்ள 12 வோல்ட் ஹெட்டரில் (லைட் வயர் மாட்டும் பின் வரிசை) மாட்டி எரித்தவன். 5 வோல்ட் என்றால் மூன்று பின், 12 வோல்ட் என்றால் நாலு பின். அழுத்தினால் உள்ளே போய்த் தொலைத்தது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் வயரிங்தான் என்று தோன்றுகிறது.

பூம்பாறை_பூண்டு · புதன், இரவு 8.20

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஆஜர். நான் லினக்ஸ் ஆள், என்னிடம் கேட்டால் எல்லா கம்பெனி லைட்டையும் ஆட்டுகிற இலவச சாஃப்ட்வேரான ஓபன்ஆர்ஜிபி போடச் சொல்வேன். லினக்ஸில் சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் ஸ்லீப்புக்கு முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்கிரிப்ட்டுகளுக்கென்றே ஒரு ஃபோல்டர் உண்டு. தூங்கப் போகும்போது 'ப்ரீ', எழுந்ததும் 'போஸ்ட்' என்று ஒரு சொல்லை ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கும். போஸ்ட் வந்தால் ஐந்து நொடி பொறுத்து என் புரொஃபைலை ஏற்றிவிடு என்று நாலே வரி. இரண்டு வருஷமாகத் தொந்தரவு இல்லை.

இன்னொரு சந்தேகம். கலருக்காக வெள்ளை வைக்கிறேன் என்கிறீர்கள், ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பின் வெள்ளை உண்மையான வெள்ளையா? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து கண்ணுக்கு வெள்ளை மாதிரி காட்டுவதுதானே.

கோத்தகிரி_எடிட்டர் · புதன், இரவு 10.10

உண்மைதான் நண்பரே, 6500 கெல்வின் என்று எழுதிய தனி பயஸ் லைட் (மானிட்டருக்குப் பின்னால் வைக்கிற வெள்ளை விளக்கு) வாங்கினால்தான் சரி. கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து பணம் வரட்டும். எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்காக விண்டோஸை விட முடியாது, அதனால் உங்கள் நாலு வரி எனக்கு இல்லை.

இன்றைய நிலவரம். ஷட்டவுன் செய்தால் எல்லாம் அணைகிறது. ஆன் செய்தால் வெள்ளை வருகிறது. ரேம் சாஃப்ட்வேர் போய்விட்டது, டைனமிக் லைட்டிங் ஏற்கெனவே ஆஃபில்தான் இருந்தது. முதலும் மூன்றும் முடிந்தன. ஸ்லீப் மட்டும் அப்படியே இருக்கிறது.

வர்க்கி_டீ · வியாழன், காலை 9.05

ஸ்லீப்புக்கு இரண்டு வழி உண்டு. சாஃப்ட்வேரில் 'சாதனத்தில் சேமி' என்ற பொருளில் பட்டன் இருந்தால், அந்த வெள்ளையைப் போர்டின் லைட் சிப்பிலேயே எழுதிவிட்டு சாஃப்ட்வேரையே தூக்கி எறிவது முதல் வழி. என் கடைக்கு வரும் பத்து மெஷினில் எட்டுக்கு நான் செய்வது இதுதான். ஒரே கலரில் நிற்கப்போகிற லைட்டுக்கு நாள் முழுக்க ஒரு சர்வீஸ் எதற்கு?

பட்டன் இல்லை என்றால், எழுந்தவுடன் அந்த சர்வீஸை நிறுத்தித் தொடங்க வைக்க வேண்டும். அக்கா இதில் கைதேர்ந்தவர்.

கோத்தகிரி_எடிட்டர் · வியாழன், காலை 9.50

பட்டன் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்கும் ஃபேனுக்கும் அழுத்த முடிகிறது, ரேமைத் தேர்ந்தெடுத்தால் மங்கிப்போகிறது. ரேம் கேபினட் கண்ணாடி வழியாக நேராக என் கண்ணில்தான் அடிக்கும். இன்னொன்று, ஸ்ட்ரிப்பின் வெளிச்சத்தைப் பகலில் கூட்டி ராத்திரி குறைக்கிறேன், அதற்குச் சாஃப்ட்வேர் வேண்டும். அக்கா, உதவுங்கள்.

மஞ்சூர்_மழை · வியாழன், மாலை 4.30

மீட்டிங் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்த ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஒரு குறிப்பு எழுதும். அந்தக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பதிவு (லாக்) சிஸ்டம், மூலம் (சோர்ஸ்) பவர் டிரபிள்ஷூட்டர், எண் 1. எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது, எழுப்பியது யார் என்றுகூட இருக்கும். குறித்த வேலையைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் புது டாஸ்க் போட்டு, டிரிக்கர் இடத்தில் 'ஒரு நிகழ்வின்போது' என்று தேர்ந்தெடுத்து இந்த மூன்றையும் கொடுங்கள். பத்து நொடி தாமதமும் வையுங்கள், யூஎஸ்பி எல்லாம் எழுந்து முகம் கழுவ நேரம் வேண்டும்.

செயலுக்கு ஒரு பேட்ச் ஃபைல் போதும், கட்டளைகளை வரிசையாக எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான் அது. நெட் ஸ்டாப், சர்வீஸின் பெயர். அடுத்த வரியில் நெட் ஸ்டார்ட், அதே பெயர். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 'உச்ச அதிகாரத்தோடு ஓட்டு' என்ற டிக் கட்டாயம், இல்லாவிட்டால் சர்வீஸைத் தொட விடாது. பாதிப் பேர் விழுவது அந்தப் பள்ளத்தில்தான்.

கூடவே டிவைஸ் மேனேஜரில் அந்த லைட் சிப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைப் பாருங்கள். 'மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்' என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கோத்தகிரி_எடிட்டர் · வியாழன், இரவு 9.15

டிக் போட மறந்து அந்தப் பள்ளத்தில் நானும் விழுந்தேன். போட்டதும் வேலை செய்கிறது! ஆறு முறை தூங்க வைத்து எழுப்பினேன், ஆறிலும் வெள்ளை. அக்கா, குஞ்சப்பனையில் பலா வந்ததும் ஒரு முழுப் பழம் உங்களுக்கு.

எழுப்பியது யார் என்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. போன வாரம் ராத்திரி 2.40க்கு மெஷின் தானாக எழுந்திருக்கிறது, காரணம் மவுஸ். குளிருக்குக் கேபினட் மேல் ஏறிப் படுக்கிற பூனையின் வேலை.

கூடலூர்_மிளகு · வியாழன், இரவு 9.22

ஃபார்மட் இல்லாமலே முடிஞ்சுதா. சரி ப்ரோ, சந்தோஷம்.

கோத்தகிரி_எடிட்டர் · ஞாயிறு, மாலை 5.47

மறுபடி நான்தான். அவசரப்பட்டுக் கொண்டாடிவிட்டேன். வெள்ளியன்று எல்லாம் சரி. சனிக்கிழமை மூன்று முறை வானவில். இன்றைக்குக் காலையில் சரி, மதியம் வானவில். கையால் டாஸ்க்கை ஓட்டினாலும் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் 'வரிசையில் உள்ளது' என்று சும்மா நிற்கிறது. எதையும் மாற்றவில்லை. சனிக்கிழமை முழுக்க மழை, கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. வோல்டேஜ் குறைவதால் இருக்குமோ?

வர்க்கி_டீ · ஞாயிறு, மாலை 6.30

வோல்டேஜ் குறைந்தால் மெஷின் தடுமாறும், லைட் மட்டும் தனியாகத் தடுமாறாது. மூன்று கேள்வி. புது யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு யூஎஸ்பி கேபிள் மெஷினுக்குப் போகிறதா? டாஸ்க்பாரில் பேட்டரி படம் தெரிகிறதா? வானவில் வந்த நேரங்களில் கரண்ட் இருந்ததா, இல்லையா?

கோத்தகிரி_எடிட்டர் · ஞாயிறு, மாலை 6.58

கேபிள் பெட்டியிலேயே வந்தது, மாட்டிவிட்டேன். ஆமாம் அண்ணா, பேட்டரி படம் தெரிகிறது, புது அப்டேட்டில் வந்ததாக்கும் என்று விட்டுவிட்டேன். கரண்ட் இருந்ததா என்றால், யோசித்துப் பார்க்கிறேன்... கரண்ட் போனதும் ஐந்து நிமிஷத்தில் மெஷின் தூங்கப் போய்விடுகிறது. ஃபைலைச் சேமித்து முறையாக அணைக்கலாம் என்று நான் தட்டி எழுப்புகிறேன். அப்போதெல்லாம்தான் வானவில்.

வர்க்கி_டீ · ஞாயிறு, இரவு 7.10

பிடித்தாயிற்று. கேபிள் மாட்டிய யூபிஎஸ்ஸை விண்டோஸ் ஒரு பேட்டரியாகத்தான் பார்க்கும். கரண்ட் போன நிமிஷமே உங்கள் டெஸ்க்டாப் அதன் கண்ணுக்கு லேப்டாப். டாஸ்க் ஷெட்யூலரில் நாம் போடும் ஒவ்வொரு டாஸ்க்கிலும், நாம் கேட்காமலே, கண்டிஷன்ஸ் பக்கத்தில் 'ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்று ஒரு டிக் விழுந்திருக்கும். கீழேயே 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்பதும். இரண்டையும் எடுங்கள்.

ஐந்து நிமிஷத்தில் தூங்குவதும் இதனால்தான். பவர் ஆப்ஷன்ஸில் இப்போது பேட்டரிக்கென்று தனி நேரம் இருக்கும், போய்ப் பாருங்கள். கேபிளைப் பிடுங்க வேண்டாம். நீங்கள் வீட்டில் இல்லாதபோது யூபிஎஸ் தீர்ந்தால் மெஷினை ஒழுங்காக அணைக்க அதுதான் வழி.

மஞ்சூர்_மழை · ஞாயிறு, இரவு 7.25

இது எனக்குத் தோன்றவே இல்லை! என் வீட்டு யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி ஓட்டையே கிடையாது. ஆறு முறை சோதித்தாரே, ஆறும் கரண்ட் இருக்கும்போது.

பூம்பாறை_பூண்டு · ஞாயிறு, இரவு 8.03

மழைக்கும் லைட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று உறைபனி சொன்னார், யாரும் கேட்கவில்லை.

உதகை_உறைபனி · ஞாயிறு, இரவு 8.11

நன்றி நண்பா. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கோத்தகிரி_எடிட்டர் · செவ்வாய், இரவு 10.30

இரண்டு டிக்கையும் எடுத்தேன். கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தால் போகவே இல்லை, நேற்று முழுக்கப் பளிச்சென்று வெயில். கடைசியில் யூபிஎஸ் பிளக்கை நானே சுவரிலிருந்து பிடுங்கிச் சோதித்தேன். பேட்டரியில் நாலு முறை, கரண்டில் நாலு முறை, எட்டிலும் வெள்ளை. பேட்டரியில் தூங்கும் நேரத்தைப் பத்து நிமிஷம் ஆக்கியிருக்கிறேன், என் யூபிஎஸ் பதினைந்துக்குக் குறையாமல் தாங்குகிறது.

ஒன்று மட்டும் மீதம். எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு நொடி ரேம் வானவில் ஓட்டிவிட்டுத்தான் வெள்ளைக்கு வருகிறது. தாமதத்தை மூன்று நொடியாகக் குறைத்தால் பாதி நேரம் டாஸ்க் முந்திக்கொண்டு ஓடி, சாதனத்தைக் காணாமல் திரும்பிவிடுகிறது.

வர்க்கி_டீ · புதன், காலை 9.12

பத்தே இருக்கட்டும். ரேமின் லைட் சிப் தொழிற்சாலையில் எழுதியதைத்தான் முதலில் ஓட்டும், சர்வீஸ் வந்து சொல்லும்வரை அதற்கு உங்களைத் தெரியாது. மிகவும் உறுத்தினால் கண்ணாடியின் உள்பக்கம் ரேமுக்கு நேராக ஒரு கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். குன்னூர் மார்க்கெட்டில் பத்து ரூபாய்.

கேத்தி_கேரட் · சனி, இரவு 11.20

எனக்கும் இதே பிரச்சினை அண்ணா! ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் லைட் மாறிவிடுகிறது. மேலே சொன்ன எல்லாம் செய்தும் சரியாகவில்லை.

வர்க்கி_டீ · ஞாயிறு, காலை 8.45

என்ன போர்டு, என்ன ரேம், யூபிஎஸ் கேபிள் உண்டா?

கேத்தி_கேரட் · ஞாயிறு, காலை 8.50

லேப்டாப் அண்ணா. கீபோர்டு லைட்.

வர்க்கி_டீ · ஞாயிறு, காலை 8.52

புது இழை தொடங்குங்க தம்பி. மாடல் பெயரோடு.